வட்டம் சட்டியாகுது, சதுரம் கூரையாகுது: குரோஷே கத்துக்குட்டிக்கு உதவுங்க

பூவரசு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து கேக்குறேன். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) ஊசி பிடிச்சு மூணு வாரம்தான் ஆகுது. பக்கத்துல சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல, எல்லாம் வீடியோ பாத்துதான். நாலு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ஒண்ணு. பயிற்சிக்கு வரிக்கு 15 கண்ணி (பின்னல் வளையம்) வச்சு, டபுள் குரோஷேங்கற கண்ணி வகையில சதுரம் போட்டேன். பத்தாவது வரியில எண்ணினா 6 கண்ணிதான் இருக்கு. ரெண்டு பக்கமும் சாஞ்சு, கூரை மாதிரி நிக்குது.

ரெண்டு. கோஸ்டருக்கு (கிளாஸுக்கு அடியில வைக்கற விரிப்பு) வட்டம் போட்டேன். வீடியோல "டபுள் குரோஷே 6, அடுத்த சுற்று 12, அதுக்கப்புறம் 18"ன்னு சொன்னாங்க. அப்படியேதான் போட்டேன். அவங்களுக்குச் சப்பாத்தி மாதிரி தட்டையா வருது, எனக்குச் சட்டி மாதிரி குழிஞ்சு வருது.

மூணு. ஷாப்பி ஆன்லைன் கடையில வாங்கின ஊசி செட்டுல அளவே போடல. பிடி மட்டும் கலர் கலரா இருக்கு.

நாலு. தீபாவளிக்கு வாசல்ல நூலாலேயே மாவிலைத் தோரணம் கட்டணும்னு ஆசை. கத்துக்குட்டி கையால ஆகுமா? வீட்டுல இருக்கறது 5 பிளை (அஞ்சு இழை) மில்க் காட்டன் நூல், பச்சை ஒரு உருண்டை, வெள்ளை ஒரு உருண்டை.

கொக்கிக்காரி:

சதுரத்துக்கு நீங்க கொடுத்த கணக்கிலேயே பதில் இருக்கு. முதல் வரி 15, பத்தாவது வரி 6. இடையில் ஒன்பது தடவை திரும்பியிருக்கீங்க, ஒன்பது கண்ணி காணோம். திருப்பத்துக்கு ஒண்ணு வீதம் தவறுது. கை இறுக்கமோ தளர்வோ காரணமா இருந்தா இவ்வளவு ஒழுங்கா குறையாது.

டபுள் போடும்போது திரும்பினதும் 3 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுறோம் இல்லையா, அந்த 3 செயினே புது வரியின் முதல் கண்ணி. அதனால அதுக்கு நேர் கீழே இருக்கற கண்ணியை விட்டுட்டு அடுத்ததில் ஆரம்பிக்கணும். இதை எல்லாரும் செஞ்சிடுவாங்க. தவறுவது மறுமுனையில். வரி முடியும்போது கடைசி கண்ணியை முந்தின வரியின் அந்த 3 செயின் தலையில் குத்திப் போடணும். மத்த கண்ணிக்கெல்லாம் மேலே சடை மாதிரி ஒரு தலை தெளிவா தெரியும். இந்தச் செயினுக்கு அது தெரியாது. விளிம்பில் சாஞ்சுக்கிட்டு, ஒரு முறுக்குக் கயிறு மாதிரி நிக்கும். கண்ணு அதைக் கண்ணின்னே ஏத்துக்காது, வரி முடிஞ்சுதுன்னு திரும்பிடுவோம்.

இதுக்கு எளிய வழி: மூணாவது செயின் போட்ட அந்த நிமிஷமே அதில் ஒரு ஊக்கோ, வேறு கலர் நூல் துண்டோ மாட்டிடுங்க. திரும்பி வரும்போது ஊக்கு இருக்கற இடத்தில்தான் கடைசி கண்ணி. செயினின் ஒரு இழையை மட்டும் தூக்கினா அங்கே ஓட்டை விழும், ரெண்டு இழைக்கும் கீழே ஊசியை விடுங்க.

15 டபுள் வேணும்னா ஆரம்பச் செயின் 17. ஊசியிலிருந்து நாலாவது செயினில் முதல் டபுள். செயினில் 14 டபுள் விழும், விட்டுவந்த 3 செயின் ஒண்ணு, ஆக 15.

சில வீடியோவில் 2 செயின் போட்டு அதைக் கணக்கில் சேர்க்காம, முதல் கண்ணியிலேயே டபுள் போடுவாங்க. அதுவும் சரிதான், ஓரத்தில் இடுக்கு குறைவா தெரியும். ஆனா ஒரே துண்டில் ரெண்டு முறையையும் கலக்காதீங்க. ஒரு வரி கூடும், ஒரு வரி குறையும், ஓரம் ரம்பம் மாதிரி ஆகிடும்.

சிங்கிள் (டபுளை விடக் குட்டையான கண்ணி) போடும்போது கதை தலைகீழ். திரும்பும்போது போடற 1 செயின் கணக்கில் சேராது. முதல் கண்ணியை அந்தச் செயினுக்கு நேர் கீழே இருக்கற கண்ணியிலேயே போடணும், கடைசியில் அந்தச் செயினைத் தொடக்கூடாது. அதைத் தொட்டா துண்டு வரிக்கு வரி அகலமாகும்.

இன்னொண்ணு. அடிப்பக்கம் மட்டும் சுருங்கி மேலே விரிஞ்சு வந்தா கண்ணிக் கணக்கு தப்பில்ல, ஆரம்பச் செயின் இறுகியிருக்கு. செயினை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியால் போட்டுட்டு முதல் வரியிலிருந்து வழக்கமான ஊசிக்கு மாறுங்க. "தளர்வா போடு"ன்னு சொல்றது லேசு, புதுக்கைக்கு அது வராது. ஊசியை மாத்தறது வரும்.

ஏழாங்கட்டை:

வட்டத்துக்கு நான் சொல்றேன். பூவரசு, நீங்க பார்த்தது பிரிட்டிஷ் வீடியோ. போட்டது அமெரிக்க டபுள்.

ஒரே பெயர், ரெண்டு வேற கண்ணி. பிரிட்டிஷ்காரர் சொல்ற டபுள், அமெரிக்காவில் சிங்கிள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் டிரெபிள். நம்ம நாட்டில் ரெண்டு வகைப் பின்னல் குறிப்பும் கலந்துதான் கிடைக்குது, அதனால இந்தக் குழப்பம் வராத ஆளே இல்ல. எதுன்னு கண்டுபிடிக்க: குறிப்பில் "சிங்கிள் குரோஷே"ன்னு ஒரு இடத்தில் வந்தாலும் அது அமெரிக்கக் குறிப்பு. கண்ணியை விடறதுக்கு "ஸ்கிப்"ன்னு போட்டிருந்தா அமெரிக்கா, "மிஸ்"னு போட்டிருந்தா பிரிட்டன். இந்த உரையாடலில் எல்லாரும் அமெரிக்கப் பெயரையே வச்சுக்குவோம்.

படக்குறி போட்ட ஜப்பானியக் குறிப்பு கிடைச்சா இந்தத் தொல்லையே இல்ல. முட்டை வடிவம் செயின், புள்ளி ஸ்லிப் (உயரமில்லாம, சேர்க்கறதுக்குப் போடற கண்ணி), பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ சிங்கிள், வெறும் டி எழுத்து ஹாஃப் டபுள், டி கம்பத்தில் ஒரு குறுக்குக் கோடு டபுள், ரெண்டு கோடு டிரெபிள்.

ஏன் குழிஞ்சுது? கண்ணி உயரமாக உயரமாக ஒரு சுற்றில் வட்டம் வேகமா விரியும், சுற்றளவை நிரப்ப நிறைய கண்ணி வேணும். சிங்கிளுக்கு 6ல் தொடங்கி சுற்றுக்கு 6 கூட்டணும். ரெண்டுக்கும் நடு உயரமான ஹாஃப் டபுளுக்கு 8. டபுளுக்கு 12. நீங்க உயரமான டபுளைப் போட்டுட்டு 6 தான் கூட்டியிருக்கீங்க. பாதிதான் இருக்கு, விளிம்பு இழுத்துப் பிடிச்சுச் சட்டியாச்சு. இதுக்கு எதிர்மாறா அளவுக்கு மேல கூட்டினா ஓரம் அப்பளம் மாதிரி நெளியும்.

அந்த எண்ணும் கைக்குக் கை ஒண்ணு முன்னப்பின்ன ஆகலாம். மூணாவது சுற்று முடிஞ்சதும் மேசையில் வச்சு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்க. கையை எடுத்ததும் நடு எழும்பினா கூட்டினது பத்தல. அஞ்சாறு சுற்று போட்டுட்டுப் பிரிக்கறதுக்கு இது மேல்.

சிங்கிள் வட்டத்தில் ஒரு சின்ன விஷயம்: எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்துக்கு மேலேயே இரட்டைக் கண்ணி (ஒரே கண்ணியில் ரெண்டு சிங்கிள்) போட்டா ஆறு மூலை கிளம்பி அறுகோணமாகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, இரட்டைக் கண்ணியைப் பாதி தூரம் தள்ளிப் போடுங்க.

ஊசி அளவுக்கு: பட்டறை வச்சிருக்கறவங்க யாரையாவது கேட்டு வெர்னியர் காலிபரில் அளந்திடுங்க. அளக்க வேண்டியது கொக்கிக்குக் கீழே உருளையா இருக்கற கழுத்தை. கொக்கி முனையையும் பிடியையும் அளந்தா தப்பாகும். காலிபர் இல்லேன்னா துளைக்கும் அலகு (டிரில் பிட்) செட் வர்ற டப்பாவில் 2, 2.5, 3, 3.5ன்னு குழி இருக்கும், ஊசிக் கழுத்து லூசில்லாம எதில் உட்காருதோ அது அளவு. அளந்ததும் பிடியில் மார்க்கரால் எழுதி மேலே செலோடேப் ஒட்டிடுங்க, வேர்வையில் அழியாது.

சில செட்டில் 5/0, 8/0ன்னு போட்டிருக்கும். அது ஜப்பான் அளவு. 5/0ன்னா 3 மி.மீ., 6/0 3.5, 7/0 4, 8/0 5. எட்டுன்னு இருக்கேன்னு 8 மி.மீ. ஊசின்னு நினைச்சு நூல் வாங்கிடாதீங்க.

நூலாம்படை:

நூலைப் பத்தி யாரும் பேசலியே. பூவரசு, கத்துக்கற கைக்கு மில்க் காட்டன் சரியான நூல் இல்லங்கறது என் கட்சி. மெத்துன்னு இருக்கும், கலர் அழகா இருக்கும், எல்லாம் சரி. முறுக்கு தளர்வு. ஊசி அஞ்சு இழையில் மூணை மட்டும் பிடிச்சுக்கிட்டு வரும், மீதி ரெண்டு பின்னால் தொங்கும். பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா பஞ்சு கிளம்பிடும். முதல் ஒரு மாசம் வெளிர் நிறத்தில் 8 பிளை அக்ரிலிக் (செயற்கை நூல்), 4.5 மி.மீ. ஊசி. கண்ணி எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும். கறுப்பு, கருநீலம், பல நிறம் கலந்தது, வெல்வெட் மாதிரி முடி முடியா இருக்கறது எதுவும் இப்ப வேண்டாம்.

பிளை எண்ணை நம்பி நூலை ஒப்பிடாதீங்க. மில்க் காட்டன்ல 5 பிளைன்னா அஞ்சு இழை சேர்த்துத் திரிச்சதுன்னுதான் அர்த்தம். ஒவ்வொரு இழையும் எவ்வளவு பருமன்னு அது சொல்லாது. லேபிளில் ஊசிப் படம் போட்டு மி.மீ. கொடுத்திருப்பாங்க, அதைப் பாருங்க.

இன்னொரு எச்சரிக்கை. "காட்டன்"னு பெயர் இருந்தாலும் மில்க் காட்டன்னு விக்கறதில் பலதில் அக்ரிலிக் கலந்திருக்கும். கோஸ்டருக்கும் தோரணத்துக்கும் பரவாயில்ல. அடுப்பிலிருந்து சட்டி இறக்கற பிடிதுணிக்கும், சூடான பானைக்கு அடியில் வைக்கறதுக்கும் ஆகாது. அக்ரிலிக் உருகி ஒட்டிக்கும். சந்தேகமா இருந்தா விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடிச்சு, சிங்க்ல தண்ணி வச்சுக்கிட்டு அதுக்கு மேல கொளுத்திப் பாருங்க. சுத்தப் பருத்தி காகிதம் எரியற வாசத்தோட எரிஞ்சு, விரலில் தேய்ச்சா தூளாகற சாம்பலை விடும். அக்ரிலிக் சுருங்கி உருகி, முனையில் கறுப்பா ஒரு மணி மாதிரி கெட்டியாகும். கலப்பு நூல் எரியவும் செய்யும், சாம்பலுக்குள் கெட்டித் துணுக்கும் இருக்கும். ஆறுறதுக்கு முன்ன தொடாதீங்க.

சாமி மேடையில் விளக்குக்கு அடியில் விரிக்கற துணியும் இதே கணக்குதான். சுத்தப் பருத்தியா இருந்தாலும் திரி பக்கம் குஞ்சம் தொங்கக்கூடாது.

கொக்கிக்காரி:

நூலாம்படை சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கிறேன். பருத்தி, பிடிதுணி விஷயம் முழுக்கச் சரி. ஆனா இருக்கற நூலை ஓரமா வச்சுட்டு வேற வாங்கச் சொல்லணுமா? இழை பிரியறது பெரும்பாலும் ஊசி முனையால். கூர்மையான முனை இழைக்குள் நுழையும், உருண்டையான முனை இழையை ஒதுக்கிட்டுப் போகும். செட்டுல எந்த ஊசி முனை மொண்ணையா இருக்கோ அதை எடுங்க. 2.5ல் இழை பிரிஞ்சா 3க்கு மாறுங்க, கண்ணி விரிஞ்சு ஊசி போக வழி கிடைக்கும்.

நம்ம ஊர் மத்தியான வெயில்ல கை வேர்த்தா அலுமினிய ஊசி கண்ணிக்குள்ள இழுத்து இழுத்துப் போகும். பவுடர் போடச் சொல்லுவாங்க, பச்சை நூல்ல வெள்ளை பூத்துடும். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுட்டு, ஊசியையும் துடைச்சா போதும்.

உருண்டை ஓடாம இருக்க மைலோ டின் போதும். மூடியில் ஓட்டை போட்டு நூலை வெளியே எடுங்க. ஓட்டையின் விளிம்பில் டேப் ஒட்டாட்டா தகரம் இழையை அறுக்கும்.

ஏழாங்கட்டை:

சரி, கோஸ்டர். இருக்கற வெள்ளை மில்க் காட்டன், 3 மி.மீ. ஊசி. அமெரிக்க டபுள், நினைவிருக்கட்டும்.

மேஜிக் ரிங் (வாலை இழுத்தா மூடிக்கற நூல் வளையம்) போட்டு 3 செயின், அது முதல் டபுள். வளையத்துக்குள் இன்னும் 11 டபுள். மூணாவது செயினின் தலையில் ஸ்லிப் போட்டுச் சேருங்க. 12 ஆச்சு. நூல் வாலை இழுத்து நடு ஓட்டையை மூடுங்க.

ரெண்டாம் சுற்று: 3 செயின், அதே அடிக்கண்ணியில் 1 டபுள், மீதி ஒவ்வொண்ணிலும் 2 டபுள். 24.

மூணாம் சுற்று: ஒரு கண்ணியில் 2, அடுத்ததில் 1, இப்படியே சுத்தி வாங்க. 36. நாலாம் சுற்று: 2, 1, 1. எண்ணினா 48 இருக்கணும். 47ன்னு வந்தா பெரும்பாலும் ஸ்லிப் போட்ட இடத்துக்குப் பக்கத்துக் கண்ணி ஒளிஞ்சிருக்கும். ஸ்லிப் இறுகினா அது அந்தக் கண்ணி மேல ஏறி உட்காரும். 49ன்னா ஸ்லிப்பையே கண்ணின்னு நினைச்சு அதிலும் குத்தியிருக்கீங்க.

ஓரச் சிப்பி: 2 கண்ணி விட்டு, மூணாவதில் 5 டபுள், மறுபடி 2 விட்டு, அடுத்ததில் ஸ்லிப். ஒரு சிப்பிக்கு 6 கண்ணி செலவாகும், 48ல் 8 சிப்பி மிச்சமில்லாம உட்காரும். இதுக்காகத்தான் 48ல் நிறுத்தச் சொன்னேன். கடைசிச் சிப்பிக்கு இடம் பத்தலேன்னா சிப்பியைக் குறை சொல்லாதீங்க, நாலாம் சுற்றை மறுபடி எண்ணுங்க.

முடிஞ்சதும் அகலம் ஏறக்குறைய 10 செ.மீ. வரும், தே தாரிக் (இழுத்த டீ) கிளாஸுக்குத் தோதா இருக்கும். 50 கிராம் உருண்டையில் ஆறு கோஸ்டருக்குக் குறையாது.

மேஜிக் ரிங் கைக்கு வரலேன்னா விட்டுத்தள்ளுங்க. 4 செயின் போட்டு ஸ்லிப்பால் வளையமாக்கி அதுக்குள்ள 12 போடுங்க. நடுவில் சின்ன ஓட்டை தெரியும், அவ்வளவுதான். மேஜிக் ரிங் போடறவங்க வாலை 15 செ.மீ. விடணும். மில்க் காட்டன் வழுக்கும். வாலைக் குட்டையா வெட்டினா நாலு தடவை கழுவினதும் நடு திறந்துக்கும்.

கொக்கிக்காரி:

மாவிலைத் தோரணம் தாராளமா ஆகும். பச்சை உருண்டை ஒண்ணே போதும், மிச்சமும் இருக்கும். 3 மி.மீ. ஊசி.

ஒரு இலைக்கு 21 செயின். ஊசியிலிருந்து ரெண்டாவது செயினில் ஆரம்பிங்க. 3 சிங்கிள், 13 ஹாஃப் டபுள், 3 சிங்கிள். இப்ப ஒரே ஒரு செயின் மிச்சம் இருக்கும், அதுதான் இலை நுனி. அந்த ஒரே செயினில் 1 சிங்கிள், 2 செயின், 1 சிங்கிள். நடுவில் வர்ற 2 செயின்தான் நுனியைக் கூராக்கும், அதை விட்டா கரண்டி மாதிரி மொட்டையா இருக்கும். துண்டைத் திருப்பிப் பிடிச்சு, செயினின் மறுபக்கத்தில் அதே கணக்கு: 3 சிங்கிள், 13 ஹாஃப் டபுள், 3 சிங்கிள். முதல் சிங்கிளில் ஸ்லிப், நூலை வெட்டி இழுத்துடுங்க.

ஆரம்பத்தில் தொங்கற வால் நுனிப் பக்கம் இருக்கும். மறுபக்கம் போடும்போது அதைச் செயினோட ஒட்டினாப்பல படுக்க வச்சு, அதுக்கு மேலேயே கண்ணி போட்டுக்கிட்டு வந்தா வால் உள்ளே மறைஞ்சிடும். 15 இலைன்னா 30 வால். பாதியை இப்படியே தொலைச்சிடலாம்.

மாவிலை ஒல்லி, அதனாலதான் ஹாஃப் டபுள். டபுள் போட்டா அரசிலைக்கும் இல்லாம வெத்திலைக்கும் இல்லாம ஆகிடும். மூணு இலையை மட்டும் செம்புக் கலர் நூல்ல போட்டா தளிர் கலந்த கொத்து மாதிரி நல்லா இருக்கும், நிஜ மாமரத் தளிரும் அந்த நிறம்தானே.

கோக்கறது: கட்டறதுக்கு 30 செயின். பிறகு இலையின் காம்புப் பக்கத்தில் 3 சிங்கிள், 10 செயின், அடுத்த இலையில் 3 சிங்கிள், 10 செயின். இப்படி 15 இலை, முடிவில் மறுபடி 30 செயின். ஒவ்வொரு இலையும் முன்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும், பாதி இலை திரும்பியிருந்தா தொங்கவிட்டதும்தான் தெரியும். அடுத்து திரும்பி, முதல் இலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் கண்ணிக்கு ஒரு சிங்கிள். இந்தத் திரும்பு வரியைச் சோம்பல் பட்டு விட்டுடாதீங்க. வெறும் செயின் இலைக் கனத்துக்கு நீண்டு, நடு தொய்ஞ்சு தலையில் இடிக்கும்.

மூணு அடிக் கதவுக்கு 15 இலை கணக்கு. ஆனா உங்க கை என் கை இல்ல. அஞ்சு இலை கோத்ததும் அளந்துட்டு மேலே போங்க.

பூவரசு:

கொக்கிக்காரி அக்கா, ஏழாங்கட்டை அண்ணா, நூலாம்படை அக்கா, ரொம்ப நன்றி. வீடியோவை மறுபடி பாத்தேன், "மிஸ்"னுதான் சொல்றாங்க! 12, 24, 36, 48 போட்டதும் வட்டம் தட்டையா வந்துடுச்சு. சதுரத்துக்கு ஊக்கு வச்சுப் போட்டேன், பத்தாவது வரியும் 15.

இலைதான் இப்ப வம்பு. ஆறு போட்டாச்சு. எல்லாம் காஞ்ச இலை மாதிரி நீளவாக்குல சுருளுது. அதோட வாலை ஊசியில கோத்து உள்ள விட்டது ரெண்டு இலையில வெளிய வந்துடுச்சு.

கொக்கிக்காரி:

இலையின் நடு நரம்பு உங்க 21 செயின். அது குட்டை, ரெண்டு பக்கமும் நீளம், அதான் சுருளுது. இனிமே போடற இலைக்குச் செயினை மட்டும் 3.5ல் போடுங்க. போட்ட ஆறையும் பிரிக்க வேண்டாம், நனைச்சு விரிச்சா சரியாகும். பச்சைத் தண்ணியில் முக்கி, பிழியாம துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணியை எடுங்க. பிள்ளைங்க விளையாடற ரப்பர் பாயில் நுனியையும் காம்பையும் இழுத்துக் குத்தி, ஓரத்தில் ரெண்டு ரெண்டு குண்டூசி. துருப்பிடிக்காத குண்டூசியா பாருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரே ராத்திரியில் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது. விசிறிக்குக் கீழே காய வைங்க, முழுசா காயற வரைக்கும் எடுக்காதீங்க. அயர்ன் பெட்டியை வச்சு அழுத்தாதீங்க. அக்ரிலிக் கலந்திருந்தா சப்பையாகி வழவழன்னு ஆகிடும், திரும்ப வராது.

வெளிய வர்ற வாலுக்கு: ஒரே திசையில் விட்டா வந்த வழியே திரும்பி வரும். மொண்ணை ஊசியில் கோத்து 3 செ.மீ. ஒரு பக்கம், ஒரு இழையைத் தாண்டி அதே வழியா எதிர்ப்பக்கம், பிறகு மறுபடி முதல் பக்கம். மூணு தடவை. கண்ணிக்கு நடுவால போகாம, கண்ணியின் இழைக்குள்ளேயே குத்திப் போனா இன்னும் பிடிக்கும். இங்கேதான் மில்க் காட்டனோட பிரியற குணம் நமக்கு உதவுது.

இடதுகை:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இடது கைக்காரங்களுக்கு இந்த இலைக் கணக்கு மாறுமா? இன்னொண்ணு, இதையே தீபாவளிச் சந்தையில வித்தா என்ன விலை வைக்கலாம்?

ஏழாங்கட்டை:

கணக்கு மாறாது, திசைதான் மாறும். நீங்க இடமிருந்து வலமா போவீங்க. போன்ல வீடியோவைக் கண்ணாடி மாதிரி புரட்டிக் காட்டற செயலி இருக்கு, அதில் பாருங்க. படக்குறிக் குறிப்புன்னா படத்தை இடம் வலம் புரட்டி அச்செடுத்துக்கங்க.

விலையை நூல் விலையில் பார்த்தா ஏமாந்துடுவீங்க. ஒரு தோரணத்துக்கு நூல் அரை உருண்டைதான். நேரத்தைப் பாருங்க. ஒரு இலைக்கு 12 நிமிஷம்னு வச்சா 15 இலைக்கு 3 மணி நேரம், கோக்க, வால் மறைக்க, நனைச்சுக் குத்த இன்னும் ரெண்டு. மணிக்கு வெறும் 5 வெள்ளி (ரிங்கிட்) போட்டாலே 25 வெள்ளி. அச்சடிச்ச பிளாஸ்டிக் தோரணம் பக்கத்துக் கடையில் தொங்கும்போது அந்த விலைக்கு ஆள் தயங்கும். கோஸ்டர் நாலு சேர்த்துக் கட்டினா சீக்கிரம் போகும், கையிலும் வேகமா ஓடும்.

நூலாம்படை:

விக்கறதா இருந்தா சிவப்பு நூலை முதல்ல சோதிங்க. ஈர டிஷ்யூவில் வச்சு அழுத்திப் பாருங்க, நிறம் ஒட்டினா வெள்ளையோட சேர்த்துப் போடாதீங்க. வாங்கினவங்க ஒரு தடவை கழுவினதும் எல்லாம் ரோஸ் ஆகிடும்.

பண்டிகை முடிஞ்சு எடுத்து வைக்கறப்ப ஈரம் இல்லாம பாருங்க. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினா பூஞ்சைப் புள்ளி வரும். துணிப்பையில் போட்டு, பிஸ்கட் டப்பாவில் வர்ற சிலிக்கா பொட்டலம் ரெண்டு சேர்த்து வைங்க.

பூவரசு:

அக்கா, செயினை 3.5ல போட்டேன், இலை சுருளல. அஞ்சு இலை கோத்து அளந்தேன். முதல் இலையில இருந்து, அஞ்சாவது இலைக்கு அப்புறம் வர்ற 10 செயினையும் சேத்து 31 செ.மீ. மூணால பெருக்கினா 93. எங்க வாசல் 90 தான். ஒரு இலையைக் குறைக்கணுமா?

கொக்கிக்காரி:

குறைக்க வேண்டாம். பதினஞ்சாவது இலைக்கு அப்புறம் 10 செயின் கிடையாது, நேரா கட்டற 30 செயின்தான். உங்க கைக்கு அந்த 10 செயின் 5 செ.மீ. கிட்ட வரும். 93ல் 5 போனா 88. ரெண்டு முனையிலும் ஒரு செ.மீ. இடம் இருக்கு. திரும்பு வரியை 3 மி.மீ. ஊசியிலேயே போடுங்க, 3.5 வேண்டாம்.